ஆலோசனைக்கு வட்டி இல்லை!



கலந்தாலோசித்தல் இஸ்லாம் நமக்குக் கற்றுத் தந்த வாழ்க்கை நெறிகளுள் ஒன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கு 'அஷ்ஷூரா' என்றே பெயர். கலந்தாலோசித்தல் என்பது அதன் பொருள்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் எதிரிகளின் பெரும்படை மதீனாவை நோக்கித் திரண்டு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் யோசனை கேட்டார்கள். பாரசீகத்திலிருந்து வந்தவரான ஸல்மான் (ரலி) அவர்கள், தம் நாட்டில் முற்றுகைக்கு அஞ்சும் வேளைகளில் அகழ் தோண்டும் வழக்கம் உண்டு என்று எடுத்துரைத்தார்கள். அரபு நாடு அதுவரை அறியாத முறை அது. ஆயினும் நபியவர்கள் அதனை ஏற்றார்கள். தாமும் தோழர்களோடு சேர்ந்து மண் சுமந்தார்கள். மதீனா காக்கப்பட்டது.

அறிந்தவரிடம் கேட்பதும், கேட்டதை உழைப்பினால் நிறைவேற்றுவதும் நம் முன்னோர் வழி. ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடும் காரியத்தில் இவ்வழியை நாம் எவ்வளவு தூரம் பின்பற்றுகிறோம்?

வாசற்படியில் நிற்கும் தயக்கம்

நம் சமுதாயம் பெரும்பாலும் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் சமுதாயம் அன்று. பிற சமூகத்தவரை விட முஸ்லிம்களில் கூடுதலான பங்கினர் சுயதொழிலையே நம்பியிருக்கின்றனர் என்பதை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கையும் எடுத்துக்காட்டியது. பாய் முடைதல், தோல் தொழில், தையல், பலகாரம் செய்தல், சிறு பட்டறை என நம் குடும்பங்களின் அடுப்பு எரிவது கைத்தொழிலால்தான்.

எனினும், தொழில் செய்வோருக்கு வழிகாட்டுவதற்காகவே அரசு அமைத்துள்ள அலுவலகங்களின் படிகளை நம்மில் பலர் மிதிப்பதில்லை. காரணம் கேட்டால், "அங்கே போனால் வட்டிக் கடன்தானே கொடுப்பார்கள்?" என்பார்கள். வட்டி விலக்கப்பட்டது என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. ஆனால் அந்த அலுவலகங்கள் தருவது கடனுக்கான வழி மட்டுமா? அங்கே கிடைப்பவற்றுள் மிக மதிப்புள்ளது ஆலோசனை. அதற்கு வட்டியும் இல்லை, பிணையும் இல்லை.

இந்தப் பின்னல் உருவான விதம்

சிறுதொழில்களுக்கு வழிகாட்டுவதற்கென மத்திய அரசு 1954இல் தனி அமைப்பொன்றை ஏற்படுத்தியது. அதன் கிளையாகச் சென்னை கிண்டியில் சிறுதொழில் சேவை நிலையம் இயங்கியது. பெயர்கள் பின்னர் மாறினாலும் அப்பணி இன்றும் தொடர்கிறது. ஆனால் தலைநகரில் இருக்கும் அலுவலகம் கிராமத்துத் தொழிலாளிக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. ஒரு சிறு பட்டறை தொடங்க ஒருவர் பல துறைகளின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இதனை மாற்ற, 1977 டிசம்பரில் வெளியான தொழிற்கொள்கை, மாவட்டந்தோறும் ஒரே இடத்தில் உதவி கிடைக்க வேண்டும் என்று அறிவித்தது. அதன்படி 1978 மே மாதம் முதல் தோன்றியவையே மாவட்டத் தொழில் மையங்கள்.

இவற்றைத் தனித்தனி அலுவலகங்களாக எண்ணுதல் கூடாது. மாவட்டத் தொழில் மையத்திற்குப் பின்னால் ஆராய்ச்சிக் கூடங்கள் நிற்கின்றன. தோலுக்குச் சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். உணவுப் பொருளுக்கு மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். மாவட்ட அலுவலரிடம் விடை இல்லாத கேள்விக்கு விடை உள்ள இடத்தை அவர் காட்ட முடியும். பின்னலின் பயன் அதுவே.

ஊர்கள் உயர்ந்த கதை

தனி ஒருவருக்குச் சொல்லும் யோசனையால் ஒரு வட்டாரமே எவ்வாறு வளரும் என்று கேட்கலாம். சேலத்தைப் பாருங்கள். நாம் நோன்புக் காலத்தில் பாயசத்துக்கு வாங்கும் ஜவ்வரிசி பெரும்பாலும் அந்த வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. சரக்கை வைக்கக் கிடங்கின்றி, தரத்தை மெய்ப்பிக்க வழியின்றி, இடைத்தரகர் சொன்ன விலைக்கு விற்றுக்கொண்டிருந்த சிறு ஆலைக்காரர்கள், மாநிலத் தொழில் வணிகத் துறையின் வழிகாட்டலில் 1981இல் 'சேகோசர்வ்' என்னும் தொழிற்கூட்டுறவுச் சங்கமாக ஒன்றிணைந்தனர். பொதுக் கிடங்கு, தரப் பரிசோதனை, ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்பனை ஆகியவை ஏற்பட்டன. ஆலைக்காரரோடு, கிழங்கு பயிரிடும் உழவரும், சுமை தூக்கும் தொழிலாளியும் பயனடைந்தனர்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. ஆலைக் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996இல் வந்த தீர்ப்பு, கழிவைச் சுத்திகரிக்காத ஆலைகள் இயங்கக் கூடாது என்றது. சிறு ஆலைக்காரர் ஒருவர் தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலுமா? பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்ததாலும், அரசின் மானியமும் ஆராய்ச்சி நிலையத்தின் தொழில்நுட்ப வழிகாட்டலும் கிடைத்ததாலுமே அத்தொழில் பிழைத்தது. பாலாற்றின் காயம் முழுவதும் ஆறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்து ஈட்டும் பொருளில் பரக்கத் இருக்குமா என்ற கேள்வியை நாம் மறந்துவிடக் கூடாது. தொடக்கத்திலேயே அறிந்தோரின் யோசனை கேட்டு நடந்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்பதே அதிலுள்ள பாடம்.

நெல்லைச் சீமையின் பத்தமடையில் நம் சகோதரிகள் கோரைப் புல்லில் நெய்யும் மென்பாய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. கைத்திறன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்குச் சட்டப் பாதுகாப்புத் தேடும் வழி வெளியிலிருந்து வந்தது.

நாம் எதைக் கேட்கலாம்?

தொடங்கவிருக்கும் தொழில் நம் ஊருக்கு ஏற்றதா, திட்ட அறிக்கை எழுதுவது எப்படி, எந்தெந்த உரிமங்கள் தேவை, பயிற்சி எங்கே கிடைக்கும் என்பனவற்றை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள 'உத்யம்' பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை. தரகரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைவோர் நம்மில் எத்தனை பேர்! பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய தொகையை வாங்கியவர் 45 நாட்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மீறினால் அதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடலாம். இந்த ஒரு செய்தி தெரியாததாலேயே மூடப்பட்ட பட்டறைகள் உண்டு.

அரசு மானியங்கள் பெரும்பாலும் வங்கிக் கடனோடு பிணைந்தே வருகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2008இல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறுபான்மையினர் கூடுதல் மானியத்திற்குரிய பிரிவில் சேர்க்கப்பட்டனர். ஆயினும் அதற்கும் கடனே அடிப்படை. இத்தகையவற்றில் மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளிந்து நடப்பதே முறை. ஆனால் கடனை விலக்குபவர் ஆலோசனையையும் விலக்கினால், அது பேணுதல் அன்று, அறியாமையே. சொந்தச் சேமிப்பிலோ, கூட்டுப் பங்கிலோ தொழில் தொடங்குபவருக்கு நல்ல யோசனை இன்னும் அதிகமாகத் தேவை. இழந்தால் போவது அவருடைய கைமுதல் அல்லவா?

ஜமாஅத்துகளின் கடமை

குறைகள் அலுவலகங்களின் பக்கமும் உண்டு. தேடி வருவோருக்கு மட்டுமே வழிகாட்டிக் காத்திருந்தால், கூச்சமுள்ள கைம்பெண்ணுக்கும், படிப்பறிவில்லாத கைவினைஞருக்கும் அவ்வுதவி சென்று சேராது. இந்த இடைவெளியை நிரப்பும் ஆற்றல் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்துக்கும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் தொழில் மைய அலுவலரை ஊருக்கு அழைத்து, பெண்களுக்கும் தனி இடவசதி செய்து, கேள்வி கேட்கும் வாய்ப்பை ஏற்படுத்தலாம். விண்ணப்பம் நிரப்பித் தரப் படித்த இளைஞர் இருவரை நியமிக்கலாம். பைத்துல்மாலில் இருந்து தையல் இயந்திரம் வழங்கும்போது, அதனுடன் தொழில் வழிகாட்டலும் சேர்ந்தால் அந்த இயந்திரம் மூலையில் துருப்பிடிக்காது.

ஸல்மான் (ரலி) அவர்கள் சொன்ன யோசனை ஒரு நகரையே காத்தது. ஆனால் கேட்கும் மனம் முதலில் அங்கே இருந்தது. அந்த மனத்தை வல்ல இறைவன் நமக்கும் தந்தருள்வானாக! அடுத்த முறை மாவட்டத் தலைநகருக்குச் செல்லும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த வாசலிலும் ஒரு முறை நுழைந்து பாருங்கள்.