இல்லத்து முன்றிலில் மின்ரம்பம்

ஞாயிறு பிற்பகல். மணலி புதுநகரின் தெருவொன்றில் நடந்து செல்கிறோம். ஒரு வீட்டு முன்றிலிலிருந்து மின்ரம்பத்தின் ஓசை எழுகிறது. குடும்பத் தலைவர் கைலி உடுத்து, தோளில் துண்டுடன், அலமாரிக்குச் சட்டம் அறுக்கிறார். வார நாள்களில் அவர் ஆலைத் தொழிலாளி. தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் இன்றி ஆலைக்குள் நுழைய மாட்டார். அந்த ஒழுங்கு இல்லத்தில் எங்கே போயிற்று?

1965-இல் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமும், 1966-இல் உர நிறுவனமும் தோன்றிய நாள்முதல் மணலி வட்டாரம் இயந்திரங்களோடு வாழப் பழகியது. ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்புத் தடுப்பு வேண்டுமென 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. நம் வீட்டு முன்றிலுக்கோ எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே நாமே ஆய்வாளர்.

சட்டங்களின் மூலை பொருந்துமாறு 45 பாகையில் அறுக்க உதவும் இக்கருவியை மைட்டர் ரம்பம் என்பர். இதன் 10 அங்குல வட்டத் தகடு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,000 முறை சுழல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் பல்லின் வேகம் மணிக்கு 230 கிலோமீட்டருக்கும் மேல்! நம் விரைவு இரயில்களும் அவ்வேகத்தில் ஓடுவதில்லை. ஆபத்து வந்தால் கையை இழுத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் வீண்.

ஆகவே சில நெறிகளை மனத்திற் கொள்வோம். தகட்டை மூடும் காப்பைக் கம்பியால் தூக்கிக் கட்டுதல் கூடவே கூடாது. கை தகட்டிலிருந்து 6 அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். சிறு துண்டுகளைக் கையாற் பிடியாமல் கிளாம்பினால் இறுக்க வேண்டும். வளைந்த பலகையாயின் புடைத்த பக்கத்தைப் பின்தடுப்போடு சேர்த்து வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் மரம் தகட்டைக் கவ்வும். தகடு முழுவேகம் பெற்ற பின்னரே கீழிறக்க வேண்டும். அறுத்து முடித்தபின் விசையை விட்டு, சுழற்சி நின்ற பிறகே உயர்த்த வேண்டும். பழைய பெட்டிப் பலகையாயின் ஆணிகளை முன்னரே பிடுங்குங்கள்.

துண்டு, தளர்ந்த சட்டை, கழுத்துச் சங்கிலி ஆகியன வேண்டா. கையுறையும் தகட்டில் சிக்கிக் கையையே இழுக்கும். கண்ணாடியும் காதடைப்பும் முகக்கவசமும் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்றாக அறிஞர் வகைப்படுத்தியுள்ளனர் என்பதை மறவாதீர். மின்தடை நேர்ந்தாலும், தகடு மாற்றும்போதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சிறுவர் அருகில் நிற்கலாகாது.

எவ்வளவு எச்சரிக்கையாயினும் காயம் நேரின்? தூய துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். விரல் துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். விரல் நேரே பனிக்கட்டியிற் படலாகாது. இராயபுரத்தையடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது.

அறுந்த விரலை மீண்டும் பொருத்தும் வல்லுநர் நம் பகுதியிலேயே உளர் என்பது பெரும் பேறு. எனினும் அவ்விரல் பழைய வலிமையை முற்றும் பெறுதல் அரிது. குடும்பத்திற்குச் சோறிடுவது அக்கைதான். ஆலை வாயிலில் நாம் மேற்கொள்ளும் கவனத்தை இல்ல வாயிலிலும் மேற்கொள்வோமாக.