லண்டன் பார்த்தேன், காங்கேசன்துறை நினைத்தேன்

என் உம்மா தம் இளமையில் போன ஒரே உல்லாசப் பயணம் காங்கேசன்துறைக்குத்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடத்து ஆசிரியைமார் பிள்ளைகளை யாழ்ப்பாணம் நிலையத்தில் ரயில் ஏற்றிக் கொண்டு போனார்களாம். பதினெட்டு கிலோமீட்டர் தூரம். பாதை முடியும் இடத்தில் கடல். கடலுக்குப் பக்கத்தில் வெளிச்சவீடு. அப்பால் புகை கக்கும் சீமெந்து ஆலை. கட்டிக் கொண்டுபோன சோற்றைக் கடற்கரை மணலில் இருந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய வீடு வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி உம்மா எங்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

2018 செப்டெம்பரில் ஓராண்டுப் படிப்புக்காக நான் லண்டன் புறப்பட்டேன். புத்தளத்தில் ஆசிரியையாக இருந்த எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. கணவர் சம்மதித்தார், அங்கே மாமா வீடு இருந்ததால் தங்குமிடக் கவலையும் இல்லை. உம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

“படிக்கிற நேரம் படி மகள். மிச்ச நேரம் ஊரைப் பார். பார்த்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்ல வேணும்.”

அப்படிச் சொன்னவற்றில் சிலவற்றைத்தான் சகோதரிகளாகிய உங்களிடமும் பகிர்ந்து கொள்கிறேன்.

காசில்லாதவருக்கும் கதவு திறக்கும்

மாணவர் கையில் பணம் இருக்காது. ஆனால் லண்டனில் பார்க்க வேண்டிய பலவற்றுக்குப் பணமே வேண்டாம். 1759இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் நுழைய இன்றும் கட்டணம் இல்லை. விக்டோரியா அல்பர்ட் மியூசியமும் அப்படியே. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான். மாடி பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்துவிட்டால் தேம்ஸ் நதி, பாலங்கள், பாராளுமன்றம் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

முதல் வாரம் பாராளுமன்ற மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றி உம்மாவிடம் சொன்னேன். “காங்கேசன்துறை வெளிச்சவீட்டை விட உயரமோ?” என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். ஆனாலும் தேடிப் பார்த்தேன். 1859இல் கட்டி முடித்த அந்தக் கோபுரம் 96 மீட்டர். 1893இல் எழுந்த நம் வெளிச்சவீடு 22 மீட்டர். “நாலு வெளிச்சவீட்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாது உம்மா” என்றேன். “அப்ப பெரிசுதான்” என்று ஒப்புக்கொண்டார். அன்று முதல் லண்டனில் எதைப் பார்த்தாலும் உம்மாவின் அளவுகோலால் அளப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது.

கம்பளமும் புலியும்

விக்டோரியா அல்பர்ட் மியூசியத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கூட்டுக்குள் தரையில் விரித்தபடி ஒரு கம்பளம் இருக்கிறது. ஈரானின் அர்தபீல் நகரிலிருந்து வந்தது. நீளம் பத்து மீட்டருக்கு மேல். மக்ஸூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் அதிலேயே நெய்யப்பட்டிருக்கின்றன. நிறம் மங்கிவிடக் கூடாது என்பதற்காக அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் மட்டுமே விளக்கைக் கூட்டுகிறார்கள். நான் போனபோது இருட்டு. காத்திருந்தேன். விளக்கு வந்ததும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள் விரிந்த அழகை என்னவென்று சொல்வது, மாஷா அல்லாஹ்! கிட்டத்தட்ட 500 ஆண்டுகளுக்கு முன் விரல் நோக முடிச்சுப் போட்ட கைகளை நினைத்துக் கொண்டேன்.

அதே கட்டடத்தில் திப்பு சுல்தானின் மரப்புலியையும் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் புலி பாய்ந்து நிற்கிறது. உள்ளே ஒரு வாத்தியக் கருவி. கைப்பிடியைச் சுற்றினால் உறுமலும் ஓலமும் கேட்குமாம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துப் போனது. பிரிட்டிஷ் மியூசியத்திலும் நம் தீவின் பொருள் ஒன்று இருக்கிறது: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுத்த தாரா என்னும் பௌத்த தேவியின் வெண்கலச் சிலை. ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830இல் கொடுத்தது. உம்மாவிடம் சொன்னபோது, “அதுவும் எங்களைப் போல வெளிக்கிட்டதுதான்” என்றார்.

பாங்கோசை கேட்ட இடம்

ரீஜண்ட்ஸ் பார்க் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைத் தூரத்திலேயே காணலாம். அதற்கான நிலத்தை 1944இல் பிரிட்டிஷ் அரசு வழங்கியது. கெய்ரோவில் ஆங்கிலேயத் திருச்சபைக்கு எகிப்து அரசு இடம் கொடுத்ததற்கு ஈடாக இது கொடுக்கப்பட்டது. பள்ளிவாசல் கட்டி முடிந்தது 1977இல். பெண்களுக்கென்று மேல்மாடத்தில் தனி இடம் இருக்கிறது. முதல் ஜும்ஆவுக்குப் போனபோது எனக்கு வலப்பக்கம் ஒரு சோமாலியச் சகோதரி, இடப்பக்கம் ஒரு துருக்கிச் சகோதரி. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஸப்பில் நின்றதும் தோளோடு தோள் சேர்ந்துவிட்டது.

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். டிசெம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். ஜூனிலோ இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்கு மஃரிப் தொழுது பழகியவர்களுக்கு இது பெரிய தடுமாற்றம். தொழுகை நேர அட்டவணையைக் கையில் வைத்துக் கொண்டுதான் ஊர் சுற்றக் கிளம்ப வேண்டும்.

ஒரே கட்டடம், நான்கு சமூகங்கள்

லண்டனில் என் மனதை அசைத்த கட்டடம் அரண்மனையல்ல. பிரிக் லேன் என்னும் தெருவின் மூலையில் நிற்கும் ஒரு செங்கல் கட்டடம்.

பிரான்ஸ் நாட்டு மன்னர் பதினான்காம் லூயி 1685இல் புரட்டஸ்தாந்து மக்களின் மத உரிமையைப் பறித்தார். ஓடிவந்தவர்களில் பலர் பட்டு நெசவாளர்கள். அவர்கள் குடியேறிய பகுதியில் 1743இல் கட்டிய தேவாலயம்தான் இந்தக் கட்டடம். பின்பு அது மெதடிஸ்த ஆலயமானது. அதன் பிறகு ரஷ்யாவில் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி யூதர்கள் வந்தார்கள். 1898இல் அவர்களுடைய ஜெபாலயமாக மாறியது. கடைசியில் வங்காளத்தின் ஸில்ஹெட் பகுதி முஸ்லிம்கள் வந்தார்கள். 1976 முதல் அது பள்ளிவாசல். சுவரில் 1743ஆம் ஆண்டைத் தாங்கிய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதில் பொறித்த லத்தீன் வாசகத்துக்கு ‘நாம் நிழல்கள்’ என்று பொருள்.

வந்தவர்களை அந்த ஊர் பூமாலை போட்டு வரவேற்றது என்று நினைத்துவிடாதீர்கள். 1978 மே மாதம் அல்தாப் அலி என்ற வங்காள இளைஞர், தையல் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நிறவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் பெயரில் பக்கத்திலேயே ஒரு பூங்கா இருக்கிறது.

அந்தப் பூங்காவின் வாங்கில் இருந்தபோது என் வாப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் தையல்காரர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கடை வைத்திருந்தார். 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் தாங்கியவர்களின் கட்டளை. எனக்கு அப்போது நான்கு வயது. உடுத்த உடையோடும் சில நூறு ரூபாயோடும் புறப்பட்டோம். தையல் மெஷின் கடையிலேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்து கொண்டு, இரவல் மெஷினில் வாப்பா மறுபடி தைக்கத் தொடங்கினார். பட்டு நெசவாளர்களும் அப்படித்தானே வந்திருப்பார்கள்! வீட்டைப் பறிக்கலாம், கைத்தொழிலைப் பறிக்க முடியாது.

ஈஸ்ட் ஹாமில் ஓர் அக்கா

ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காய், ஒடியல் மா, கருவாடு எல்லாம் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை நான் முருங்கைக்காய் தெரிந்து கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற நெற்றியில் பொட்டு வைத்த அம்மையார் ஒருவர் என் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“எந்த ஊர் பிள்ளை?”

“யாழ்ப்பாணம் அக்கா.”

“யாழ்ப்பாணத்தில எவடம்?”

“சோனகத் தெரு.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. என் முக்காட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் காங்கேசன்துறை. நாங்களும் தொண்ணூறிலதான் வெளிக்கிட்டனாங்கள்.”

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது காங்கேசன்துறை மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. நான்கு மாதம் கழித்து நாங்கள் வெளியேற்றப்பட்டோம். அவர்களைத் துரத்தியது ஒரு துப்பாக்கி, எங்களைத் துரத்தியது வேறொரு துப்பாக்கி. இழந்தது ஒரே மண்.

“உங்கட சனத்தை அனுப்பேக்க நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அது பிழை பிள்ளை” என்றார் அந்த அக்கா. எனக்குப் பதில் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக் கொண்டேன். பிரியும்போது, “எப்பவாவது அங்க போனால் எங்கட கடலைப் பார்த்திட்டு வந்து சொல்லு” என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உம்மா அழுதார்.

புரூக்வுட்டில் ஒரு ஸலாம்

வாட்டர்லூ நிலையத்திலிருந்து அரை மணி நேர ரயில் பயணத்தில் வோக்கிங் என்ற ஊர் இருக்கிறது. பள்ளிவாசலாகவே திட்டமிட்டுப் பிரிட்டனில் கட்டிய முதல் பள்ளிவாசல் அங்குதான், 1889இல் எழுந்தது. பணம் கொடுத்து உதவியவர் போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம். ஒரு பெண்மணியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது அந்தப் பள்ளி.

அங்கிருந்து சிறிது தூரத்தில் புரூக்வுட் மையவாடி. திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த இருவர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். ஒருவர் 1936இல் மறைந்த மர்மடியூக் பிக்தால். மற்றவர் அப்துல்லாஹ் யூஸுஃப் அலி. அவருடைய மொழிபெயர்ப்பு உலகெங்கும் முஸ்லிம் வீடுகளில் இருக்கிறது. ஆனால் அவர், 1953 டிசெம்பர் குளிரில், வயது எண்பதைக் கடந்த நிலையில், லண்டன் தெருவில் ஆதரவற்றவராகக் காணப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 10ஆம் திகதி உயிர் பிரிந்தது. உறவினர் எவரும் பக்கத்தில் இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தக் கப்றின் முன் நின்று ஸலாம் சொன்னபோது ஒன்று புரிந்தது. பெரிய நகரத்தில் அறிவும் புகழும் இருந்தாலும் மனிதன் தனித்துப் போய்விடலாம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய்மாரே, பணம் அனுப்பினார்களா என்று கேட்பதற்கு முன்னால், பேச அங்கே ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளே, வாரம் ஒரு தடவையாவது உம்மாவின் குரலைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் 1934இல் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனவர். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. தான் பெற்றதைத் தன்னோடு வைத்துக் கொள்ளாமல், ஏழை முஸ்லிம் மாணவர்களுக்காக 1945இல் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். பின்பு கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையையே வளர்த்தார். படிக்கப் போகிறவர்களுக்கு நல்ல முன்மாதிரி.

உம்மாவோடு ஒரு பயணம்

படிப்பு முடிந்து திரும்பினேன். 2019 டிசெம்பர் விடுமுறையில் உம்மாவை அழைத்துக் கொண்டு அநுராதபுரத்தில் ரயில் ஏறினேன். 1990இல் நின்றுபோன ரயில், 2015 ஜனவரியில் மறுபடி காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணம் நிலையம் கடந்ததும் உம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. சில இடங்களில் புது வீடுகள். சில இடங்களில் கூரையற்ற சுவர்கள். உள்ளே மரங்கள் வளர்ந்து நின்றன. சீமெந்து ஆலை புகையின்றிக் கிடந்தது. வெளிச்சவீட்டைத் தூரத்திலிருந்துதான் பார்த்தோம்.

உம்மா கடலோரத்தில் நெடுநேரம் நின்றார். “கடல் அப்படியே இருக்கு மகள். சனம்தான் இல்லை” என்றார். கடலைப் படம் எடுத்து ஈஸ்ட் ஹாம் அக்காவுக்கு அனுப்பினேன். அந்த அக்கா தன் வளவுக்குத் திரும்ப வேண்டும் என்று உம்மா துஆச் செய்தார். எங்கள் தெருவுக்கு நாங்கள் திரும்பவும் சேர்த்துத்தான்.

அதன் பிறகு, 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. தமிழகத்துச் சகோதரிகள் வந்தால் அந்தக் கடற்கரையில் சற்று நின்று பாருங்கள்.

ரயிலில் திரும்பும்போது கேட்டேன்: “உம்மா, வெளிச்சவீடு முந்தி மாதிரியே உயரமாக இருந்ததோ?”

“இல்லை மகள், சின்னனாய்ப் போச்சு” என்றார். சற்றுப் பொறுத்து, “நான் அப்ப சின்னப் பிள்ளை” என்று சொல்லிச் சிரித்தார்.

பிரிந்த ஊர்களோடு மனிதர்களை மீண்டும் சேர்த்து வைக்க வல்ல அல்லாஹ் போதுமானவன்.