ஊரின் பெயர் தாங்கிய அணிகள்

2025ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் முதல் 29ஆம் நாள் வரை, மும்பை அந்தேரியிலுள்ள விளையாட்டு வளாகத்தில் ரக்பி பிரீமியர் லீக் என்னும் போட்டித்தொடரின் முதல் பருவம் நடைபெற்றது. சென்னை புல்ஸ், டெல்லி ரெட்ஸ், ஐதராபாத் ஹீரோஸ், பெங்களூரு பிரேவ்ஹார்ட்ஸ், மும்பை டிரீமர்ஸ், கலிங்கா பிளாக் டைகர்ஸ் என ஆறு அணிகள் மோதின. இறுதியாட்டத்தில் சென்னை அணி டெல்லி அணியை 41–0 என்ற புள்ளிக்கணக்கில் வென்று முதல் கோப்பையைக் கைப்பற்றியது.

அந்தேரி நமக்குத் தொலைவான இடமன்று. அம்பர்நாத்தில் மின்தொடர்வண்டி ஏறி, தாதரில் இறங்கி, மேற்குப் பாதை வண்டிக்கு மாறினால் சென்றுவிடலாம். இருப்பினும், அங்கே அடைமழைக்காலத்தில் ஓர் இந்திய ரக்பி லீக் பிறந்ததையும், அதில் சென்னையின் பெயர் தாங்கிய அணி வென்றதையும் நம்முள் பலர் அறியாமலே இருந்துவிட்டோம். கிரிக்கெட்டின் ஆரவாரத்தில் பிற விளையாட்டுகளின் ஓசை அமுங்கிப்போவது நம் நாட்டு வழக்கம்.

லீக் என்பது என்ன? தோற்றவுடன் வெளியேறும் போட்டி வேறு, லீக் வேறு. லீக் முறையில் ஒவ்வோர் அணியும் ஏனைய அணிகள் அனைத்துடனும் ஆடும். ஒருநாள் தோற்ற அணிக்கு மறுநாள் மீண்டும் வாய்ப்பு உண்டு. ஆறு அணிகளில் இவ்விரண்டாக இணை சேர்த்தால் 15 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையும் இருமுறை மோதினால் 30 ஆட்டங்கள். அவற்றுடன் அரையிறுதி இரண்டு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஒன்று, இறுதியாட்டம் ஒன்று. ஆக 34 ஆட்டங்கள். அத்தனையும் அந்தேரியின் ஒரே திடலில் நடந்தன. சென்னை அணி சென்னையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இச்செய்தியை நினைவில் கொள்க. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இனி ஆட்டத்தைப் பற்றிச் சிறிது காண்போம். நீங்கள் பள்ளியில் ஆடும் கபடியை உங்கள் தாத்தா சடுகுடு என்பார். மராத்தியில் ஹுதுது என்றொரு பழம்பெயரும் அதற்கு உண்டு. கபடி அறிந்தவருக்கு ரக்பி எளிதில் விளங்கும். அந்தேரியில் ஆடப்பட்டது எழுவர் ரக்பி. கபடியைப் போலவே ஓர் அணிக்கு ஏழு பேர். கபடியில் பாடிச் செல்பவர் எதிரணியினரைத் தொட்டுவிட்டுத் தம் எல்லைக்குத் திரும்ப வேண்டும். ரக்பியில் பந்தை ஏந்தியவர் திரும்ப வேண்டியதில்லை. எதிரணியின் கடைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்ற வேண்டும். அதற்கு ட்ரை என்று பெயர். அதன் மதிப்பு 5 புள்ளிகள். ட்ரை எடுத்தபின் இரு கம்பங்களுக்கு இடையே, குறுக்குக் கம்பிக்கு மேலாகப் பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள் கிடைக்கும். எதிரணியின் தவற்றால் கிடைக்கும் தண்டனை உதைக்கு 3 புள்ளிகள். எழுவர் ரக்பியில் அது அரிது. ட்ரையும் அதன்பின் வரும் உதையும் மட்டுமே கொண்டு 41 என்னும் எண்ணிக்கையை எட்டுவதற்கு ஒரே ஒரு வழிதான் உள்ளது. அதனை நீங்களே கணக்கிட்டுக் கண்டறிக.

ரக்பியின் அரிய விதி ஒன்று உண்டு. பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் தோழருக்கு அளிக்கலாம். ஆகவே, பந்து வைத்திருப்பவரே எப்போதும் அணியின் முன்வரிசையில் இருப்பார்; அவர் பின்னால் ஓடிவருபவரின் குரலைக் கேட்டே பந்தைத் தருவார். எதிரணியினர் அவரைப் பிடித்து வீழ்த்தலாம். ஆனால் தோளுக்கு மேலே, கழுத்தையோ தலையையோ பற்றுதல் குற்றம். மஞ்சள் அட்டை பெற்றவர் இரண்டு நிமிடம் வெளியே அமர வேண்டும். ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட திடலில் வழக்கமாகப் பதினைவர் ஆடுவர். அதே பரப்பில் எழுவர் மட்டும் ஆடும்போது, ஒருவர் வெளியேறினால் எவ்வளவு பெரிய வெற்றிடம் உண்டாகும் என்று எண்ணிப் பாருங்கள். அதனாலேயே எழுவர் ரக்பி மிகக் குறுகியது. பொதுவாக ஏழு ஏழு நிமிடங்களாக 14 நிமிடம். அந்தேரியில் நான்கு நிமிடக் கால்பகுதிகள் நான்கு, மொத்தம் 16 நிமிடம். ஒரு நிமிடம் குறைவாகத் தோன்றலாம். ஓடிப் பார்த்தவருக்கே அதன் நீளம் தெரியும்.

ரக்பி என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூர்ப் பள்ளியில் 1823ஆம் ஆண்டு வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவர் கால்பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதால் இவ்விளையாட்டுத் தோன்றியது என்பர். கதை நன்றாக இருக்கிறது, சான்றுதான் இல்லை. உலகக் கோப்பைக்கு அவர் பெயரையே இட்டுவிட்டனர் என்பது வேறு செய்தி.

பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பிறந்த இவ்விளையாட்டு, விரைவில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரிடமும் சுரங்கத் தொழிலாளரிடமும் பரவியது. விகன், ஹடர்ஸ்ஃபீல்டு, ஹாலிபாக்ஸ், லீட்ஸ் முதலிய ஊர்களில் நிலக்கரி வெட்டியவர்களும் நூல் நூற்றவர்களும் தத்தம் ஊர் அணிகளில் ஆடினர். ஊரின் பெயரே அணியின் பெயர். இங்குதான் ஒரு சிக்கல் எழுந்தது. ஆட்டம் சனிக்கிழமை, வேலையும் சனிக்கிழமை. ஆடச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். வெளியூர் சென்று ஆடினாலோ இழப்பு இன்னும் மிகுதி. செல்வருக்கு இது ஒரு பொருட்டன்று. அவர்கள் பொழுதுபோக்காக ஆடினர். கூலியாளுக்கு அது அவ்வாரத்து உணவு.

தீப்பெட்டித் தொழிற்சாலைக் காலம் தொட்டு இன்றைய இரசாயனத் தொழிற்சாலைகள் வரை, அம்பர்நாத்தும் ஷிப்டு பார்த்து வாழும் ஊரே. ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிட்டால் அம்மாத ஊதியத்தில் என்ன குறையும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்வர். எனவே, அக்காலத்து வடபுல ஆட்டக்காரர்களின் நிலை உங்களுக்கு விளங்காமல் போகாது.

ஆட்டத்துக்காக இழந்த கூலியையாவது ஈடுசெய்ய வேண்டும் என்று வடபுல அணிகள் 1893இல் இலண்டனில் கூடிய ரக்பிச் சங்கப் பொதுக்கூட்டத்தில் வேண்டின. அக்கோரிக்கை 282க்கு 136 என்ற வாக்குக்கணக்கில் தோற்றது. பணம் பெற்று ஆடுதல் விளையாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். கூலியை இழந்தறியாதவர்கள் தூய்மை பற்றிப் பேசுவது எளிது. 1895 ஆகஸ்டு 29ஆம் நாள் வடபுல அணிகள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடித் தனிச்சங்கம் அமைத்தன. வேலையை விட்டு ஆட வருபவருக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈட்டுத்தொகை அளிக்க அச்சங்கம் இசைந்தது. 1906இல் அது அணிக்குப் பதின்மூவர் என்று விதியை மாற்றியது. 1922இல் ரக்பி ஃபுட்பால் லீக் எனப் பெயர் பூண்டது. இவ்வாறு, ஒரு நாள் கூலியில் தொடங்கிய வழக்கினால் ஒரு விளையாட்டு இரண்டாகப் பிரிந்தது. இன்றும் ரக்பி யூனியன் வேறு, ரக்பி லீக் வேறு. யூனியன் தரப்பு 1995ஆம் ஆண்டுதான் ஆட்டக்காரருக்கு ஊதியம் தரலாம் என ஒப்புக்கொண்டது. நூறு ஆண்டுகள்!

எழுவர் ரக்பி யூனியன் மரபைச் சேர்ந்தது. 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்னும் சிற்றூரில், நெட் ஹெயிக் என்னும் இறைச்சிக்கடைக்காரர் தம் சங்கத்துக்கு நிதி திரட்ட இதனைத் தொடங்கி வைத்தார். 2016இல் இது ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அங்கே பிஜி நாடு தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாகவே பெற்றது. ஆக, அந்தேரித் தொடரின் பெயரில் லீக் என்னும் சொல் இருப்பினும், அது பதின்மூவர் ரக்பி லீக் அன்று. மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டா.

இந்தியாவுக்கும் ரக்பி புதிதன்று. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஆடினர். அங்கே தோன்றிய சங்கம் சில ஆண்டுகளில் கலைந்தபோது, மீதமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகபாம்புக் கைப்பிடிகளும் மூடிமேல் யானையும் கொண்ட கோப்பையாக வார்த்தனர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அக்கல்கத்தாக் கோப்பைக்காக மோதி வருகின்றன. நம் நாட்டு நாணயம் அங்கே கோப்பையாயிற்று. நம் மக்களுக்கோ நெடுங்காலம் திடலின் கதவு திறக்கவில்லை. 1875இல் தோன்றிய பம்பாய் ஜிம்கானாவில் ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினராக இருந்த காலம் உண்டு.

பின்னர் நிலைமை மாறியது. 2007ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பதினான்கு வயதுக்குட்பட்டோர் பன்னாட்டுப் பள்ளிப் போட்டியில், புவனேசுவரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் பயின்ற பழங்குடிச் சிறுவர்கள் கோப்பை வென்றனர். இன்று ஒடிசா இந்திய ரக்பிக்கு ஆட்டக்காரர்களைத் தரும் முதன்மையான மாநிலங்களுள் ஒன்று.

இனி, முன்னர் நினைவில் கொள்ளச் சொன்ன செய்திக்கு வருவோம். விகன் அணியில் விகன் சுரங்கத் தொழிலாளி ஆடினார். அவ்வூர் மக்கள் அவரைத் தெருவில் கண்டனர். அந்தேரியில் ஆடிய அணிகளோ வேறு வகையின. உரிமையாளர் ஒருவர் ஒரு நகரின் பெயரில் அணியை வாங்குகிறார். பல நாட்டு ஆட்டக்காரர்களையும் இந்திய ஆட்டக்காரர்களையும் சேர்க்கிறார். சென்னை என்னும் பெயர் சட்டையில் இருந்தது. சென்னைத் திடல் இல்லை.

அப்படியானால் அது போலிப் பெயரா? அவ்வாறு சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்களுள் பலரின் குடும்பத்தார் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சென்னையைக் கண்டிராத மாணவரும் இவ்வகுப்பில் இருக்கலாம். ஆயினும் மும்பையில் பிறந்து, மும்பையில் படித்து, ஊர் எது என்று கேட்டால் வேறோர் ஊரின் பெயரைச் சொல்லும் வழக்கம் உங்களுக்குப் புதிதன்று. ஓர் ஆட்டம்கூட ஆடாத ஊரின் பெயரை ஏந்தி அந்தேரியில் ஓடிய அணியைப் பார்த்து, அது எங்கள் அணி என்று நீங்கள் கூவினால் தவறில்லை. மும்பை டிரீமர்ஸ் அணியே எங்கள் அணி என்றாலும் தவறில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கைதட்டுவோரும் உளர்.

நான் அக்கறையோடு கேட்க விரும்பும் வினா வேறு. இப்பருவம் 15 நாள்களே நீடித்தது. ஆண்டின் ஏனைய ஐம்பது வாரங்களில் அந்த இந்திய ஆட்டக்காரர்களின் வாழ்வு எதைக் கொண்டு நடக்கிறது? 1893இல் இலண்டனில் எழுந்த கேள்வியும் இதுவே. லீக்கின் வயது ஏறும்போது ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை இந்திய இளைஞர் இதனை நம்பி வாழ முடிகிறது என்பதைக் கவனித்து வாருங்கள். புள்ளிப்பட்டியலில் அது அச்சாகாது.

ரக்பியை நேரில் காண விரும்பினால், மையப் பாதை வண்டியில் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் வரை சென்று, ஆசாத் மைதானத்தின் தென்கோடிக்கு நடந்து செல்லுங்கள். பம்பாய் ஜிம்கானாவின் திடல் அங்குதான் உள்ளது. 1924இல் தொடங்கிய அகில இந்திய ரக்பிப் போட்டி பலமுறை அத்திடலில் நடந்துள்ளது. மழைக்காலத்தில் சென்றால் குடை எடுத்துச் செல்க. ஆடுபவர்கள் மழைக்காக நிறுத்துவதில்லை.