பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கணினி நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால், புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது. ஓராண்டு நீட்டிப்புக்கு வழி வைத்தார்கள்; அது வாய்தா வாங்குவது மாதிரிதான். விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2016-ல் வாங்கிய லேப்டாப் என்னதான் நன்றாக ஓடினாலும் இங்கே ஃபெயில்.

அதற்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இருக்கிறது. இடது மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார் என்று விண்டோஸ் பழகிய கைக்கு ஒத்துவரும். இலவசமாக இறக்கி, ரூஃபஸ் செயலி மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் (சில மாடல்களில் எஸ்கேப் அல்லது எஃப்9) பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். ஹார்டு டிஸ்கைத் தொடாமலே மின்ட் ஓடும். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று சாவகாசமாகப் பாருங்கள். பிடித்தால் மட்டும் நிறுவுங்கள், அதுவும் கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்த பிறகு.

லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

நம் ஆட்கள் தடுமாறும் இடம் வேறு. பாமினியில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகையை லினக்ஸில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். பதற வேண்டாம், கோப்பு கெடவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு பாமினி. அது இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடுகிறது. எழுத்துருவையும் கொண்டுவந்து நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். பல வருடம் வைத்திருக்க வேண்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. தட்டச்சுக்கு விண்டோஸின் என்எச்எம் ரைட்டரில் தமிழ்99 விசைப்பலகை பழகியவர்கள், லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதி வழியாக அதையே சேர்த்துக்கொள்ளலாம்; விரலைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

டேலி, கோரல்டிரா, ஃபோட்டோஷாப் மூன்றுக்கும் இப்போது லினக்ஸ் பதிப்பு கிடையாது. அவற்றை நம்பிப் பிழைப்பவர்கள் விண்டோஸிலேயே இருப்பதுதான் சரி. பிரவுசர், கடிதம், யூடியூப் என்று வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பென் டிரைவைச் சொருகிப் பாருங்கள்.