கப்பலுக்கு வழி சொன்ன வெளிச்சம்

கோலா கங்சாரில் கடல் இல்லை. பேராக் ஆறுதான் ஓடுகிறது. கலங்கரை விளக்கத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். 1877-ஆம் ஆண்டு இந்த ஊரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த ரப்பர்தான் பின்னாளில் நம்மவர் பலரைக் கப்பலேற்றி இங்கே கொண்டு வந்தது.

கப்பலேறிய சென்னையில் ஒரு விளக்கு இருந்தது. 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தேங்காய் எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். 1844-இல் அது தனித் தூணுக்கு மாறியது; 1894-இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறியது; 1977-இல் மெரினா கோபுரத்துக்கு வந்தது. வந்து சேர்ந்த பினாங்கிலும் ஒரு விளக்கு இருந்தது. தீவின் வடமேற்கு முனையில், மலைமேல், 1883-இல் கட்டிய முக்கா ஹெட் விளக்கு அது.

'ரஜூலா' கப்பலில் வந்த என் பாட்டி, "வெளக்கு கண்ணுல பட்டதும் மூட்டையக் கட்டிட்டோம்" என்பார்.

அந்த விளக்குகள் இன்று வெகுவாக மாறிவிட்டன. திரி போய் மின்சாரம் வந்தது. இப்போது பல இடங்களில் சூரிய ஒளித் தகடும் எல்இடி விளக்கும் தாமாகவே வேலை செய்கின்றன. இரவெல்லாம் கண்விழித்த காவலர்களுக்கு அங்கே வேலை இல்லை. போர்ட் கிள்ளானுக்கு அப்பால் 'ஒன் ஃபேதம் பேங்க்' என்ற மணல்திட்டு இருக்கிறது. ஒரு ஃபேதம் என்றால் ஆறடி ஆழம். பெரிய கப்பல் தட்டி நின்றுவிடும் இடம். அங்கே கடல் நடுவே 1907-இல் எழுப்பிய பழைய விளக்குக்குப் பக்கத்தில், 1999 முதல் புதிய கோபுரம் பணி செய்கிறது.

ஒவ்வொரு விளக்குக்கும் தனி மினுக்கு உண்டு. எத்தனை வினாடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் அதன் பெயர் தெரிந்துவிடும். அந்த மினுக்கை மாற்றினாலும், மிதவையை நகர்த்தினாலும் கடலோடிகளுக்கு அறிவிப்பு வெளியிட வேண்டும். கப்பலில் உள்ள வரைபடத்தையும் திருத்த வேண்டும்.

இப்போது கடலில் இல்லாத மிதவைகூட உண்டு. கரையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலால் கப்பலின் திரையில் மட்டும் அது தெரியும். மூழ்கிய கப்பல் கிடக்கும் இடத்தை உடனே காட்ட இது நல்ல வசதிதான். ஆனால் சிறு படகில் போகும் மீனவரிடம் அந்தத் திரை இருக்காது.

ஜிபிஎஸ் இருக்கும்போது விளக்கு எதற்கு என்பாரும் உண்டு. 2025 ஜூனில் ஹார்முஸ் நீரிணை அருகே இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. அந்நாட்களில் அப்பகுதியில் ஜிபிஎஸ் சிக்னல்கள் பெரிதும் குழம்பியிருந்தன. உலகின் மிக நெரிசலான கடல்வழிகளுள் ஒன்றான நம் மலாக்கா நீரிணையில் திரை பொய் சொன்னால், மாலுமிக்கு மிஞ்சுவது ரேடாரும் கண்ணால் காணும் வெளிச்சமும்தான்.

இவற்றைப் பராமரிக்கப் பணம் வேண்டும். மலேசியத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் விளக்குக் கட்டணம் செலுத்துகின்றன. நீரிணையைப் பயன்படுத்தும் நாடுகளும் நிறுவனங்களும் உதவ, 2007-இல் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து ஓர் ஒத்துழைப்பு ஏற்பாட்டைத் தொடங்கின. அதில் விளக்குகளுக்கும் மிதவைகளுக்கும் என்றே தனி நிதி உண்டு. அந்த நிதி வற்றாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முக்கா ஹெட் இப்போது பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பினாங்கு போனால், பிள்ளைகளுக்கு அந்த மலையைக் காட்டி, நம் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.