வால் நட்சத்திரத்தில் தீர்ந்துபோன பாட்டரி

நடுவழியில் ரயில் நின்றாலும் பெட்டியில் விளக்கு எரிகிறது. வண்டி ஓடும்போது சக்கரச் சுழற்சியில் பிறக்கும் மின்சாரம் பெட்டிக்கு அடியிலுள்ள பாட்டரியில் சேருகிறது. நிற்கும்போது அது கை கொடுக்கிறது. பழைய பெட்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான். நெடுநேரம் நின்றுவிட்டாலோ விளக்கு மங்கும்.

தொலைதூர விண்கலங்களின் கதையும் இதுவே. அங்கே சக்கரத்துக்குப் பதில் சூரியன்.

சூரியனிலிருந்து தூரம் இரு மடங்கானால் வெயில் நாலில் ஒரு பங்காகும். ஐந்து மடங்கானால் 25-ல் ஒரு பங்குதான். அதனால் வாயேஜர் கலங்களில் புளூட்டோனிய வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2004 மார்ச் 2-ந் தேதி ஏவிய ரொஸெட்டாவோ சூரியனையே நம்பிக் கிளம்பியது. மங்கிய வெயிலிலும் கடுங்குளிரிலும் வேலை செய்யும்படி தனியாகத் தயாரித்த மின்கலங்கள். தகடுகளின் பரப்பு 64 சதுர மீட்டர். அப்படியும் சுமார் 79 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய 400 வாட்தான். ஆகவே 2011 ஜூனில் கணினி, ஹீட்டர் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தி, கலத்தை 31 மாதம் தூங்க வைத்தார்கள். 2014 ஜனவரி 20-ந் தேதி அது விழித்தது.

நிழலில் விழுந்த பெட்டி

அது சுமந்து சென்ற 100 கிலோ எடையுள்ள பிலே, 2014 நவம்பர் 12-ந் தேதி வால் நட்சத்திரத்தில் இறங்கியது. பிடித்து நிறுத்த வேண்டிய ஈட்டிகள் பாயவில்லை. எகிறிய பிலே, சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பாறை நிழலில் போய் நின்றது.

அதில் இரண்டு பாட்டரிகள். ஒன்று சுமார் 60 மணி நேரத்துக்கானது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். மற்றொன்று வெயிலில் சார்ஜ் ஆகக்கூடியது. ஆனால் 12 மணி நேரச் சுழற்சியில் அங்கே விழுந்த வெயில் ஒன்றரை மணி நேரம்தான். குளிரோ, சார்ஜ் ஏற விடாத குளிர்.

விஞ்ஞானிகள் இருந்த மின்சாரத்தைப் பதுக்கவில்லை. துளைக்கும் கருவி உட்பட எல்லாவற்றையும் இயக்கினார்கள். கடைசியாகப் பெட்டியைச் சற்றுத் திருப்பி, பெரிய தகட்டை வெயிலுக்குக் காட்டினார்கள். விவரங்கள் பூமிக்கு வந்து சேர்ந்தபின், நவம்பர் 15-ந் தேதி பிலே மௌனமானது.

அந்தத் திருப்பம் வீண் போகவில்லை. வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கியபோது, 2015 ஜூன் 13-ந் தேதி பிலே மீண்டும் பேசியது, ஜூலையில் அடங்கியது.

2016 செப்டம்பர் 2-ந் தேதி எடுத்த படத்தில் அது நிழலில் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. சூரியனை விட்டு மீண்டும் விலகிக்கொண்டிருந்த ரொஸெட்டாவுக்கும் மின்சாரம் குறைந்து வந்தது. அதே மாதம் 30-ந் தேதி அதையும் அங்கேயே இறக்கிவிட்டார்கள்.