தண்ணீரில் குழந்தையைப் பிடிப்பது எப்படி?

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. பெங்களூர்க் கழிவு கலந்த தென்பெண்ணை ஆற்று நீர் அங்கே நுரை பொங்கி வருகிறது. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தையை இறக்கவே கூடாது!

சுத்தமான நீச்சல் குளமே ஏற்றது. தண்ணீர் வெதுவெதுப்பாக, 32 டிகிரி சூட்டில் இருப்பது நல்லது.

தலை நிற்காத குழந்தைக்குக் குளம் வேண்டாம். பாட்டி காலை நீட்டி, அதன்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவதே போதும்.

தலை நின்றபின், தாயோ தகப்பனோ மார்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும். குழந்தையின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, முகம் பார்த்துப் பிடிக்க வேண்டும். மல்லாத்தினால், தலை பெற்றவர் தோளில் சாயட்டும். ஒரு கை முதுகைத் தாங்கட்டும்.

தலையை முக்காதீர்கள். குழந்தை நடுங்கினால் உடனே தூக்கித் துவட்டுங்கள்.

ரப்பர் வளையத்தை நம்பிக் கையை எடுக்காதீர்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமே வராது. கைபேசி அடித்தால் அடிக்கட்டும். பிடித்த கை பிடித்தபடியே இருக்கட்டும்!